எங்க வீட்டுப் பல்லெல்லாம் அவன் வாயில

விதோமிரைப் புதைச்ச மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள ஊரே அவன் பல்லைப் பத்திப் பேசுது. சாவுச் சாப்பாட்டு மேஜைல எனக்கு எதிர்ல உட்கார்ந்துக்கிட்டு, பீன்ஸை ஈறால மசிச்சுக்கிட்டே சொல்றானுங்க: "எழுபத்தஞ்சு வயசுல ஒரு பல்லு குறையாம மண்ணுக்குள்ள போனான்யா! என்ன உடம்பு, என்ன கட்டு! எல்லாம் அவன் இருந்த நோன்பும் ஜெபமும்தான்."

நோன்பாம்! கையில இருந்த கரண்டியை வெச்சுட்டு எழுந்து வெளில வந்துட்டேன். செத்தவனைப் பத்தித் தப்பாப் பேசக் கூடாதுங்கறாங்க. ஏன் பேசக் கூடாது? உசிரோட இருந்தப்போ பேச விட்டானா? இப்பவும் பேசலேன்னா நான் என்னைக்குத்தான் பேசறது?

நான் தரிங்கா. விதோமிரோட தம்பி ராதென்கோவைக் கட்டிக்கிட்டு ஸ்லாத்திபோர் மலைமேல இருக்கற இந்த வீட்டுக்கு வந்தவ. புருஷனோட அண்ணனை 'அவரு இவரு'ன்னுதான் சொல்லணும். அவன் முன்னாடி அப்படித்தான் சொன்னேன், 'பெரியத்தான் பெரியத்தான்'னு. இனிமே வாய் வராது. அவன்தான்.

அண்ணன் தம்பி மூணு பேரு, ஒரே அடுப்பு, ஒரே மந்தை. அப்பன் மரம் விழுந்து செத்தப்போ விதோமிருக்கு இருபது வயசு. அன்னைலேர்ந்து வீட்டுக்கு அவன்தான் தலை. உழைப்பாளிதான், அதுல பொய் சொல்ல மாட்டேன். புல்லறுக்க இறங்கினா அவன் அரிவாளுக்கு யாரும் ஈடு கொடுக்க முடியாது. பனில ஆடு காணாமப் போனா, இடுப்பளவு பனில போய்த் தோள்ல தூக்கிக்கிட்டு வருவான். ஆட்டுக்கு அவ்வளவு செஞ்சான். வீட்டுல இருந்த பொம்பளைங்களுக்குச் செஞ்சது என்னன்னு கேளுங்க.

அவனுக்குப் பெருமையெல்லாம் வாய்க்குள்ளதான் இருந்துச்சு. எந்தக் கல்யாணமா இருந்தாலும் சரி, ரெண்டு கிளாஸ் பிளம் சாராயம் உள்ள போனதும் எழுந்திருவான். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுக் குனிஞ்சு, மேஜை விளிம்பைப் பல்லால கவ்வி, தட்டு கிளாஸோட அப்படியே தூக்குவான். சனம் கூச்சல் போடும், பிடில்காரன் நாலு இழுப்பு அதிகமா இழுப்பான். என் கல்யாணத்துலயும் தூக்கினான். நானும் மணப்பொண்ணு மாலையோட நின்னு கை தட்டினேன், அறிவுகெட்டவ. வால்நட்டை ஓட்டோட கடிச்சு உடைப்பான். பிள்ளைங்க வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கும். பருப்பைத் தானே போட்டுக்குவான்.

எங்ககிட்ட இருந்தது அறுபது ஆடு, ஏழு பசு. பால் ஆறா ஓடற வீடுன்னு சொல்லித்தான் என்னைப் பொண்ணு கேட்டாங்க. ஓடிச்சு, ஓடிச்சு, அந்தப் பக்கமா! வீட்டுக்குப் பின்னாடி மரத்துல ஒரு பால்கொட்டாய். எங்க பக்கத்துல அதுக்குள்ள ஒரே ஒரு பொம்பளைதான் போலாம். வேற யாராவது வாசப்படி தாண்டினா பால் கெட்டுப் போகும்னு நம்பிக்கை. எங்க வீட்டுல அவ விதோமிரோட பெண்டாட்டி கொசானா, என் மூத்த ஓரகத்தி. பால் காய்ச்சறது, பாலாடை எடுக்கறது, சீஸ் கட்டித் தொட்டியில உப்புத்தண்ணில அடுக்கறது எல்லாம் அவதான். சாவி அவ இடுப்புல. ஆனா என்ன எடுக்கணும், எவ்வளவு எடுக்கணும்ங்கறது விதோமிர் வாயிலேர்ந்து வரணும்.

ஆம்பளைங்க உட்கார்ந்து சாப்பிடுவாங்க, நாங்க பின்னாடி நிப்போம். அது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். மத்த வீட்டுல மிச்சம்னு ஒண்ணு இருக்கும். எங்க வீட்டுல பாலாடைக் கிண்ணத்தை விதோமிர் ரொட்டியால வழிச்சுத் துடைச்சு, நாய்கூட மோந்து பார்க்காத அளவுக்குச் சுத்தமா வெச்சுட்டுத்தான் எழுந்திரிப்பான். பாக்கி பூரா சந்தைக்குப் போயிரும். எங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் மக்காச்சோளக் களி, புளிச்ச கோஸ். அப்புறம் சர்க்கரை. அய்யோ, அந்தச் சர்க்கரை! ரொட்டியைத் தண்ணில நனைச்சு மேல சர்க்கரையைத் தூவித் தர்றது. பிள்ளை அழுதா அது, பசின்னா அது, உடம்புக்கு முடியலேன்னாலும் அதுதான். "தின்னுங்க, தின்னுங்க, சர்க்கரைக்கு நான் கணக்குப் பார்க்கறதே இல்ல"ன்னு தர்மப்பிரபு மாதிரிச் சொல்லுவான்.

ஈஸ்டர் நோன்பு வந்தா இன்னும் மோசம். அந்த ஏழு வாரமும் இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடக் கூடாது. ஆனா சர்க்கரைல இதெல்லாம் எதுவும் கிடையாதே! பிளம் ஜாம்லயும் கிடையாதே! ஆக, நோன்புக்கு உகந்தது. காலைல ரொட்டியும் ஜாமும், மத்தியானம் பீன்ஸ், ராத்திரி மறுபடி ரொட்டியும் ஜாமும். இதுக்குப் பேரு விரதம். எங்க பிள்ளைங்க சிரிச்சா வாய்க்குள்ள கரிக்கட்டை தெரியும். ரெண்டாவது பிள்ளை பொறந்தப்போ எனக்கு முன்பல்லு ரெண்டு போச்சு. "பிள்ளை கேட்டுச்சு, தாய் கொடுத்தா"ன்னு மருத்துவச்சி சமாதானம் சொன்னா. நானும் நம்பினேன்.

ஒருதரம் கன்னம் வீங்கி, கண்ணு மூடிப்போயி, பட்டணத்துப் பல்லு டாக்டரம்மாகிட்ட போனேன். குறடை எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டாங்க.

"என்னம்மா சாப்பிடறே?"

"ரொட்டியும் சர்க்கரையும்."

"பால்? சீஸ்? கீரை?"

"அதெல்லாம் என் புருஷனோட அண்ணன் சாப்பிடறாரு."

"அவரு பல்லு எப்படி இருக்கு?"

"மேஜையைத் தூக்கும்."

அந்தம்மா சிரிக்கல. "பிள்ளை உன் பல்லைத் தின்னலம்மா. சர்க்கரை தின்னுச்சு. உன் ஈறுக்கும் எலும்புக்கும் போக வேண்டியது யாரு தட்டுக்கோ போயிருச்சு. வீட்டுல சொல்லு"ன்னாங்க. சொன்னேன். விதோமிர் என்ன சொன்னான் தெரியுமா? "பல்லைப் பிடுங்கப் போன இடத்துல நாக்கையும் பிடுங்கிட்டு வந்திருக்கலாம்ல?" மேஜையே சிரிச்சுது. என் புருஷனும் சிரிச்சான். அன்னைக்கு அவனுக்கும் சேர்த்துத்தான் சாபம் விட்டேன்.

கடைசித் தம்பி கட்டிக்கிட்டு வந்தவ தொப்ரிலா. சின்னப் பொண்ணு, சிரிச்ச முகம், பாட்டுப் பாடிக்கிட்டே துணி துவைப்பா. புருஷன் ரயில் பாதை போடற வேலைக்குப் போய் மாசக்கணக்கா வரல. வயித்துல ஆறு மாசம். அந்த வருஷ நோன்புல அவ ஈறு வீங்கி ரத்தம் கசிய ஆரம்பிச்சுது. மேல ஒரு முன்பல்லு பாதியா உடைஞ்சு, பக்கத்துல ஒண்ணு ஆடிக்கிட்டு இருந்துச்சு. கோயில் வாசல்ல பாதிரியாரே அவளைப் பார்த்துட்டு எல்லார் காதும் கேக்கச் சொன்னாரு: "வயித்துப் பிள்ளைக்காரிக்கு நோன்பு கிடையாதும்மா. பால் குடி, சீஸ் சாப்பிடு. பாவம் கீவம்னு யாராவது சொன்னா என்கிட்ட அனுப்பு."

வீட்டுக்கு வந்ததும் விதோமிர் சொன்னான்: "பாதிரியார் அவரு வீட்டுக்குச் சொல்லியிருப்பாரு. இது என் வீடு. ஈஸ்டர் வரைக்கும் இங்க எவ வாயிலயும் சீஸ் படக் கூடாது." சொல்லிட்டு ஒரு குண்டு ஜாம் ஜாடியை எடுத்து அவ முன்னாடி நங்குன்னு வெச்சான். "இந்தா, இதைத் தின்னு. தெம்பு வரும்."

நான்தான் கொசானாவைத் தனியா இழுத்துக் கேட்டேன், "அக்கா, ஒரு துண்டு. கட்டைவிரல் அளவு. யாருக்குத் தெரியப் போகுது?" கொசானா இடுப்புச் சாவியை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டா. "வேணாம்டி. அவருக்குத் தெரிஞ்சிரும்." அவ்வளவுதான். புருஷன் சொல்லைத் தாண்டி மூச்சுகூட விடாதவ.

அதுக்கப்புறம் ஒரு வாரம் இருக்கும். காலைல பால்கொட்டாய்லேர்ந்து கொசானா "அய்யோ"ன்னு கத்தினா. எல்லாரும் ஓடினோம். அவ ஒரு சீஸ்கட்டியை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு வாசல்ல நிக்கறா. தொட்டியில மேலாப்புல இருந்த கட்டிகளுக்கு அடியில சொருகி வெச்சிருந்துச்சாம். ஈஸ்டர் சந்தைக்குன்னு வெச்ச நல்ல கொழுத்த கட்டி. ஒரு மூலைல அரைவட்டமா ஒரு பெரிய கடி. வெட்டினதில்ல, பிட்டதில்ல, கடி.

எல்லாருக்கும் முன்னாடி அந்த மடச்சி அதைத் தூக்கிக் காட்டிட்டா. அதான் நல்லதாப் போச்சு.

விதோமிர் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தான். அப்புறம் கையை நீட்டித் தொப்ரிலாவைக் காட்டினான். "இவதான்! பாதிரியார் சொன்னாருன்னு திமிரு ஏறிப்போச்சு. கொசானா துணி துவைக்கறப்போ சாவியை எடுத்திருக்கா. பால்கொட்டாய்க்குள்ள போயிருக்கா, அதுவும் நோன்புல! திருடி!"

"சத்தியமா நான் இல்ல பெரியத்தான்! நான் அந்தப் படியைக்கூட மிதிச்சதில்ல!"

"வாயை மூடு. உங்கப்பனுக்குச் சொல்லி அனுப்பறேன். நாளைக்கு வண்டி கட்டிக்கிட்டு வரட்டும். திருடியை வெச்சுச் சோறு போட இது சத்திரம் இல்ல."

எங்க பக்கம் ஒரு பொண்ணைத் திருடின்னு சொல்லி அப்பன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினா, அவ கதை அதோட முடிஞ்சுது. புருஷன் திரும்பி வந்தாலும் கூப்பிட மாட்டான். பொறக்கப் போற பிள்ளையை ஊரு 'திருடி பிள்ளை'ன்னுதான் கூப்பிடும். அவ அன்னைக்கெல்லாம் மூலைல உட்கார்ந்து வயித்தைத் தடவிக்கிட்டே இருந்தா. பாட்டும் இல்ல, அழுகையும் இல்ல. ராதென்கோகிட்ட போய் மன்றாடினேன், "உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்." அவன் சிகரெட்டைச் சுருட்டிக்கிட்டே, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்"னான். தூ!

மறுநாள் அவ அப்பா மிகாய்லோ மாட்டுவண்டியோட வந்துட்டாரு. மெலிஞ்ச மனுஷன். தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு முற்றத்துல நிக்கறாரு. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கத்துச் சனம் கூடியிருச்சு. விதோமிர் அந்தச் சீஸ்கட்டியை வெளி மேஜைல கொண்டுவந்து வெக்கச் சொன்னான். சாட்சியாம்.

"பாருங்க சம்பந்தி, உங்க பொண்ணு பண்ணின வேலையை. நோன்பு நாள்ல!"

மிகாய்லோ குனிஞ்சு பார்த்தாரு. கண்ணுல தண்ணி. நானும் அப்பத்தான் அதைக் கிட்டத்துல பார்த்தேன். கடி அவ்வளவு அழகா இருக்கு! மேல் வரிசை, கீழ் வரிசை, ஒரு பல்லு விடாம, வரிசை கட்டி நிக்குது. நடுவுல ரெண்டு முன்பல்லுக்கும் இடையில ஒரு சின்னச் சந்து, அங்க மட்டும் சீஸ் ஒரு கோடா நின்னிருக்கு.

இந்த வீட்டுல எந்தப் பொம்பளைக்கு இப்படி ஒரு வரிசை இருக்கு?

"சம்பந்தி மாமா, கொஞ்சம் பொறுங்க"ன்னேன். உள்ள ஓடி, முந்தின நாள் ஆறி இறுகிப்போன மக்காச்சோளக் களியைத் தூக்கிட்டு வந்தேன். சீஸ் கனத்துக்குத் துண்டு போட்டேன். "களி நோன்புக்கு ஆகும்ல பெரியத்தான்? நல்லது. எல்லாரும் ஆளுக்கு ஒரு கடி கடிச்சு இந்த மேஜைல வைங்க. கடிச்சது யாருன்னு பல்லே சொல்லட்டும்."

"என்னடி கூத்து இது?"ன்னு விதோமிர் கத்தினான்.

"கூத்துதான். சீக்கிரம் முடிஞ்சிரும்"னு சொல்லிட்டு, நான்தான் முதல்ல கடிச்சேன். இடிஞ்ச வேலி மாதிரி ஒரு தடம். சனம் சிரிச்சுது. சிரிக்கட்டும். தொப்ரிலா வலியில கண்ணை இறுக்கிக்கிட்டுக் கடிச்சா. உடைஞ்ச பல்லு இருந்த இடத்துல களி மேடா நின்னுச்சு, ஓரத்துல ரத்தம். மிகாய்லோ அதை எடுத்துச் சீஸ் பக்கத்துல வெச்சுப் பார்த்தாரு. ஒரு குருடனுக்குக்கூடத் தெரியும். ராதென்கோ கடிச்சான், ஒரு பக்கம் பூராப் பள்ளம். கொசானா தலைத்துணியால வாயை மறைச்சுக்கிட்டுக் கடிச்சா. பார்த்தா, மேல மூணு குழி, கீழ ரெண்டு குழி. அவ்வளவுதான் அவ சொத்து. பால்கொட்டாய்க்குள்ள போய்த் திருட்டுத்தனமா நல்லாத் தின்னுவாள்னு இத்தனை வருஷமா அவளை மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேன், பாவம்.

"இப்ப நீங்க, பெரியத்தான்."

"வீட்டுக்குத் தலைவன் நான். உன் விளையாட்டுக்கெல்லாம் வாயைத் திறப்பேனா?"

மிகாய்லோ மெதுவாச் சொன்னாரு: "கடிங்க சம்பந்தி. எல்லாரும் கடிச்சாச்சு. நீங்களும் கடிச்சா என் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் பேசாமப் போயிர்றேன்."

அவன் அசையல. எனக்கு அவனைத் தெரியும். வேலிப்பக்கம் திரும்பி, நல்லாக் குரலெடுத்துச் சொன்னேன்: "விடுங்க மாமா. அவரை ஏன் கஷ்டப்படுத்தறீங்க? அவருக்கும் ஆட ஆரம்பிச்சிருச்சோ என்னமோ! கடைசியா நடந்த கல்யாணத்துல மேஜையே தூக்கலியே, கவனிச்சீங்களா?"

"அடடா, அப்படியா சங்கதி!"ன்னு வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் கெக்கெக்கேன்னு சிரிச்சான். "விதோமிரு, களி கெட்டியா இருந்தா பால்ல ஊறவெச்சுத் தரச் சொல்லவா?"

அவ்வளவுதான். மூஞ்சி செவசெவன்னு ஆயிருச்சு. களித்துண்டைப் பிடுங்கினான். எல்லாரும் பார்க்கணும்னு தலையைத் தூக்கி, வாயை அகலத் திறந்து, ஒரே கடி. மேஜைல வீசி எறிஞ்சான். "பாருங்கடா! ஆடுதா? எவனுக்காவது இருக்கா இப்படி?"

பார்த்தோம். வேலிப்பக்கத்துக்காரன்கூடச் சிரிக்கறதை நிறுத்திட்டான். இன்னைக்கு அவன் நோன்பைப் புகழறவனுங்களும் அன்னைக்கு அங்கதான் நின்னானுங்க, வசதியா மறந்துட்டானுங்க. மேல் வரிசை, கீழ் வரிசை, ஒரு பல்லு விடாம. நடுவுல சின்னச் சந்து. மிகாய்லோ களியைத் தூக்கிச் சீஸ் பக்கத்துல வெச்சாரு. தொப்பியை எடுத்துத் தலையில போட்டுக்கிட்டாரு.

விதோமிருக்கும் அப்பத்தான் உறைச்சுது. வாய்ல இருந்த களியை மெல்லவும் முடியாம, துப்பவும் முடியாம நின்னான். ஒரு மன்னிப்பு, ஒரு வெக்கம், எதையாவது எதிர்பார்த்தீங்களா? நான் எதிர்பார்க்கல. முழுங்கிட்டுச் சொன்னான்: "என் ஆடு, என் பாலு, என் சீஸ். பெண்டாட்டி தூங்கறப்போ அவ இடுப்புச் சாவியை எடுத்தேன், அதுக்கென்ன? என் பொருளை நான் தின்னா திருட்டா? சரி சரி, அந்தப் பொண்ணு இருக்கட்டும். போய் வேலையைப் பாருங்க எல்லாரும்."

இருக்கட்டுமாம்! பிச்சை போடறான்! நான் வாயைத் திறக்கறதுக்குள்ள தொப்ரிலா நடந்து வந்தா. நேரா மேஜைக்கு வந்து, ஆம்பளைங்க உட்கார்ற பெஞ்சுல, விதோமிர் உட்கார்ற இடத்துலயே உட்கார்ந்தா. அந்தச் சீஸ்கட்டியைத் தன் பக்கம் இழுத்தா. கடிபட்ட பக்கத்துலேர்ந்தே தின்ன ஆரம்பிச்சா. ஓரப் பல்லால, மெதுவா, கண்ணுல தண்ணி வழிய வழிய. வெள்ளைச் சீஸ்மேல ஈறு ரத்தம் பட்டுக்கிட்டே இருந்துச்சு. அவ நிறுத்தல.

"நோன்பு நடக்குது, பொண்ணே..."ன்னான் விதோமிர்.

அவ மென்னு முழுங்கிட்டு நிமிர்ந்தா. "நீங்க ஆரம்பிச்சு வெச்சதைத்தான் முடிக்கறேன் பெரியத்தான்."

அவ அப்பா, "வண்டில ஏறுறியாம்மா?"ன்னு கேட்டாரு.

"எங்கயும் வரலப்பா. பசிக்குது."

மிகாய்லோ போய் மாட்டை அவுத்து விட்டாரு. விதோமிர் காட்டுப்பக்கம் போயிட்டான். கொசானா இருக்காளே, புருஷன் சொல்லைத் தாண்டி மூச்சு விடாதவ, பால்கொட்டாய்க்குள்ள போய் இன்னொரு முழுக் கட்டியைத் தூக்கிட்டு வந்தா. பிள்ளைங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா. கையாலயே பிட்டுப் பிட்டு ஒவ்வொண்ணு வாயிலயும் வெச்சா. அப்புறம் என்னைப் பார்த்து, "நீ என்னடி நிக்கறே? உட்காரு"ன்னா.

உட்கார்ந்தேன். எனக்குக் கடிக்க முன்பல்லு இல்ல. துண்டை வாய்க்குள்ள போட்டு ஈறாலயே மசிச்சேன். உப்பு, கொழுப்பு, ஆட்டுப்பாலோட அந்த வாசனை. சண்டாளப் பாவி! இதையா இத்தனை வருஷமா ஒருத்தனே தின்னுக்கிட்டு இருந்தான்!